ஃப்ரீகோ முறுகும் வரை பொறுங்கள்

அடுப்படிக் கேள்வி - பதில்

போன இதழில், இத்தாலியின் வடகிழக்கு மூலையில் உள்ள ஊதினே நகரத்தில் நான் குடியிருந்த ஒன்பது வருடங்களைப் பற்றி எழுதியிருந்தேன். அதில் உருளைக்கிழங்கையும் சீஸையும் சேர்த்து வாணலியில் முறுக வைக்கும் ‘ஃப்ரீகோ’வைப் பற்றி நாலே வரிதான் வந்தது. இந்த மாதக் கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த நாலு வரியைப் பிடித்துக்கொண்டு வந்தவை. மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். இந்த முறை முழுக்க ஃப்ரீகோதான்.

கேள்வி: நீங்கள் எழுதியதைப் படித்த அன்றே சீஸ் ஸ்லைஸ் இரண்டு பாக்கெட் வாங்கி, வேகவைத்த உருளைக்கிழங்கோடு பிசைந்து நான்-ஸ்டிக் தவாவில் போட்டேன். கூழாக உருகியது. ஓரம் கருகியது. நடுவில் பசை மாதிரியே நின்றுவிட்டது, முறுகவே இல்லை. எங்கே தவறு? செய்முறையை அளவோடு சொல்லுங்கள் அக்கா.
- வாசகி, மதுரை

பதில்: உங்கள் கைப்பக்குவத்தில் ஒரு குறையும் இல்லை. நீங்கள் வாங்கிய சீஸ் எந்தச் சூட்டிலும் பிரியாமல் இருப்பதற்காகவே தயாரிக்கப்பட்டது. ஸ்லைஸாகவும் க்யூபாகவும் விற்பதெல்லாம் பெரும்பாலும் பதப்படுத்திய சீஸ், அதாவது ப்ராசெஸ்டு சீஸ். சீஸை உருக்கி, சோடியம் சிட்ரேட் போன்ற உப்புகளைச் சேர்த்து மறுபடி கட்டியாக்குகிறார்கள். அந்த உப்பின் வேலை, கொழுப்பும் புரதமும் தனித்தனியாகப் பிரியாமல் பிடித்து வைப்பது. சாண்ட்விச்சுக்கு அது நல்லது. ஃப்ரீகோவுக்கு அதுதான் இடைஞ்சல்.

ஏனென்றால் ஃப்ரீகோவின் சூட்சுமமே சீஸ் பிரிவதில் இருக்கிறது. சூட்டில் சீஸிலிருந்து நெய் கசிந்து வெளியே வரும். மிச்சமிருக்கும் புரதம் அந்த நெய்யிலேயே பொரிந்து, வாணலியின் அடியில் பொன்னிறத் தோலாகப் பிடிக்கும். நாம் எண்ணெய் ஊற்றிப் பொரிப்பதில்லை, சீஸ் தன் நெய்யில் தானே பொரிகிறது. பால்கோவா கிண்டும்போது அடியில் பிடிக்கிற காந்தலைச் சுரண்டித் தின்றவர்களுக்கு அந்த ருசி உடனே புரியும். அந்தக் காந்தலையே பண்டத்தின் இரண்டு பக்கமும் போர்வை மாதிரி போர்த்தினால் அதுதான் ஃப்ரீகோ. உள்ளே உருளைக்கிழங்கு இழைந்து, வெட்டினால் நூல் இழுத்துக்கொண்டு வரும்.

ஊதினே இருக்கும் மாநிலம் ஃப்ரியூலி-வெனேசியா ஜூலியா. அங்கே ஃப்ரீகோவுக்கு மோந்தாசியோ சீஸைத் தவிர வேறு எதையும் யோசிக்கமாட்டார்கள். பசும்பாலில் செய்து, முப்பது முப்பத்தைந்து சென்டிமீட்டர் அகலத்தில் வண்டிச் சக்கரம் போலத் தட்டையாக வார்த்து, பலகையில் அடுக்கி முதிர வைப்பார்கள். இரண்டு மாதம் முதல் நாலு மாதம் வரை முதிர்ந்தது ‘ஃப்ரெஸ்கோ’, அதாவது இளசு. ஐந்து முதல் பத்து மாதம் வரை ‘மெட்சானோ’, நடுத்தரம். அதற்கு மேல் போனால் ‘ஸ்தாஜொனாத்தோ’, நன்றாக முதிர்ந்தது. இளசு நூல் இழுக்கும், ருசி மென்மையாக இருக்கும். முதிர்ந்ததில் ருசி ஆழம், ஆனால் இழையாமல் உதிரும். எங்கள் வீட்டுக்கார அம்மா இரண்டு பங்கு இளசுக்கு ஒரு பங்கு நடுத்தரம் போடுவார். நான் இன்றுவரை அந்தக் கணக்கை மாற்றவில்லை.

இங்கே மோந்தாசியோ கிடைக்காமல் கவலைப்பட வேண்டாம். கௌடா அதற்கு நல்ல மாற்று. நம் கொடைக்கானலிலும் ஆரோவில்லிலும் சீஸ் செய்கிறார்கள், பெரிய கடைகளில் விசாரித்துப் பாருங்கள். 300 கிராம் கௌடா, 100 கிராம் செடார் என்று கலந்தால் ருசி வெகு அருகில் வருகிறது. பாக்கெட்டில் ‘ப்ராசெஸ்டு’ என்ற சொல் இருந்தால் எடுக்காதீர்கள். துருவியே விற்கும் சீஸும் வேண்டாம். ஒட்டாமல் இருக்க அதில் மாவு தூவியிருப்பார்கள்.

இனி செய்முறை. நாலு பேருக்கு 24 சென்டிமீட்டர் வாணலி ஒன்று. உருளைக்கிழங்கு அரை கிலோ, சீஸ் 400 கிராம், பெரிய வெங்காயம் ஒன்று, வெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, மிளகுத்தூள். உப்பை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள்.

வெங்காயத்தை மெல்லிசாக நறுக்கி, வெண்ணெயில், சின்னத் தீயில், நிறம் மாறாமல் பத்து நிமிடம் வதக்குங்கள். கண்ணாடி மாதிரி ஆக வேண்டும், சிவக்கக் கூடாது. பச்சை உருளைக்கிழங்கைத் தோல் சீவி, துருவியின் பெரிய கண்ணில் துருவி நேராக வாணலியில் போடுங்கள். தண்ணீரில் போடாதீர்கள், அலசவும் வேண்டாம். நமக்கெல்லாம் நறுக்கிய உருளையை உடனே தண்ணீரில் போடுகிற பழக்கம் கையோடு வந்துவிட்டது. இங்கே அந்த மாவுச்சத்துதான் சீஸை உருளையோடு கட்டிப் பிடிக்கிறது. அதை அலசி ஊற்றிவிட்டால் திருப்பும்போது பண்டம் பிய்ந்துவிடும்.

அரை டம்ளர் வெந்நீர் விட்டு மூடி, சின்னத் தீயில் பதினைந்து இருபது நிமிடம். இடையிடையே கிளறலாம், கரண்டியால் லேசாக மசிக்கவும் செய்யலாம். தண்ணீர் முழுக்க வற்ற வேண்டும். இந்த இடத்தில் அவசரம் கூடாது. ஈரம் மிச்சமிருந்தால் பின்னால் எவ்வளவு நேரம் வைத்தாலும் முறுகாது, ஆவியில் வெந்துகொண்டே இருக்கும். தண்ணீர் வற்றியதும் துருவிய சீஸைப் போட்டுக் கிளறுங்கள். முதலில் கட்டி கட்டியாக இருக்கும், அப்புறம் இழுபடும், அப்புறம் அல்வா மாதிரி திரண்டு வாணலியின் ஓரத்தை விட்டு விலகும். ஓரத்தில் நெய் கசியும். இப்போது ஒரு துளி எடுத்து ருசி பாருங்கள். உப்பு வேண்டியிருந்தால் மட்டும் சேருங்கள். பத்துக்கு ஒன்பது தடவை வேண்டியிருக்காது.

கரண்டியின் முதுகால் சமமாகத் தட்டி, ஒன்றரை சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்புங்கள். தீயை நடுத்தரமாக்குங்கள். அதன் பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிடுங்கள். எட்டு முதல் பத்து நிமிடம் தொடக்கூடாது. மதுரைச் சகோதரி, இதுதான் முழுச் செய்முறையிலும் கடினமான பகுதி. அடியில் என்ன ஆகிறது என்று கிளப்பிப் பார்க்கத் தோன்றும். பார்த்தால் தோல் கிழிந்துவிடும். அதற்குப் பதிலாக வாணலியின் கைப்பிடியைப் பிடித்து லேசாக ஆட்டுங்கள். முழுப் பண்டமும் ஒரே வட்டமாக வழுக்கி நகர்ந்தால் தோல் பிடித்துவிட்டது. நகராவிட்டால் இன்னும் இரண்டு நிமிடம். காதையும் கொஞ்சம் கொடுங்கள். ஈரம் இருக்கும்போது கொதிக்கிற சத்தம் வரும். ஈரம் போனதும் அது மெல்லிய சடசடப்பாக மாறும்.

நகர்ந்ததும் வாணலியைச் சாய்த்து, கசிந்த நெய்யை ஒரு கிண்ணத்தில் வடித்துவிடுங்கள். அப்புறம் தட்டை வைத்துக் கவிழ்த்து, மறுபக்கத்தை ஆறேழு நிமிடம் முறுக விடுங்கள். எடுத்து இரண்டு நிமிடம் ஆறியதும் கேக் மாதிரி முக்கோணமாக வெட்டலாம்.

கேள்வி: சீஸுக்குப் பதில் பனீர் போடலாமா?
- வாசகர், சேலம்

பதில்: முடியாது. பனீர் எலுமிச்சைச் சாறோ வினிகரோ ஊற்றித் திரித்த பால். புளிப்பில் திரிந்த கட்டி சூட்டில் உருகாது, நூலும் இழுக்காது. பனீரும் உருளையும் போட்டு நல்ல கட்லெட் செய்யலாம், அது வேறு பண்டம்.

கேள்வி: நாங்கள் சைவம். வெளிநாட்டு சீஸில் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் பொருள் சேர்ப்பார்கள் என்று என் மருமகள் சொல்கிறாள். உண்மையா? உண்மையென்றால் நான் இதைச் செய்யலாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: மருமகள் சொல்வது உண்மைதான் அம்மா. ரென்னெட் என்பது பாலைத் திரிக்கும் ஒரு நொதி. பால் குடிக்கும் கன்றின் நாலாவது இரைப்பையில் அது சுரக்கிறது. மோந்தாசியோவைப் பாரம்பரிய முறைப்படி கன்றின் ரென்னெட்டில்தான் திரிக்கிறார்கள். பார்மிஜானோ சீஸும் அப்படியே. நானும் சைவ வீட்டில் வளர்ந்தவள். ஊதினே போன முதல் வருடம் இது தெரியாமல் சாப்பிட்டுவிட்டு, தெரிந்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. யாரும் என்னை ஏமாற்றவில்லை, நான்தான் கேட்கவில்லை. அதனால் உங்கள் கேள்வியின் கனம் எனக்குத் தெரியும்.

நுண்ணுயிரிகளிலிருந்து எடுக்கும் ரென்னெட்டும் உண்டு. நம் நாட்டில் பச்சைப் புள்ளி போட்டு விற்கும் சீஸில் விலங்கு ரென்னெட் இருக்கக் கூடாது. பாக்கெட்டில் பச்சைப் புள்ளியைப் பாருங்கள், கூடவே பொருட்களின் பட்டியலில் ‘மைக்ரோபியல் ரென்னெட்’ என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து யாராவது ஆசையாக வாங்கிவரும் சீஸைக் கேட்காமல் அடுப்பில் ஏற்றாதீர்கள். பச்சைப் புள்ளி கௌடாவில் நான் மாதம் ஒரு தடவை செய்கிறேன். முறுகலில் எந்தக் குறையும் இல்லை.

கேள்வி: எந்த உருளைக்கிழங்கு நல்லது? வேகவைத்துப் போட்டால் வேலை சீக்கிரம் முடியாதா?
- வாசகி, கோயம்புத்தூர்

பதில்: வேகவைத்துப் போடுகிறவர்கள் ஃப்ரியூலியிலும் உண்டு. ஒரு தெருவில் நாலு வீடு இருந்தால் நாலு ஃப்ரீகோ இருக்கும். வெந்ததைப் போட்டால் உள்பக்கம் வெண்ணெய் மாதிரி ஆகிறது, ஆனால் ஈரம் அதிகம். பச்சையாகத் துருவினால் இழை தெரியும், தோல் நன்றாகப் பிடிக்கும். எனக்குப் பச்சைத் துருவல்தான். வேகவைக்கத்தான் போகிறீர்கள் என்றால் முதல் நாளே தோலோடு வேகவைத்து, ஆறவைத்து, மறுநாள் உரித்துத் துருவுங்கள்.

கிழங்கைப் பொறுத்தவரை, மாவு மாவாக உடையும் பழைய கிழங்குதான் வேண்டும். தோல் நகத்தால் உரிகிற புதுக் கிழங்கில் தண்ணீர் அதிகம். உங்கள் ஊருக்கு மேட்டுப்பாளையம் மண்டியிலிருந்து வரும் நீலகிரிக் கிழங்கு போதும். முளை விட்டதும் பச்சை படர்ந்ததும் மட்டும் வேண்டாம். ஊதினேயை ஒட்டி கோதியா என்றொரு ஊர் இருக்கிறது, உருளைக்கிழங்குக்குப் பேர்போனது. செப்டம்பரில் அங்கே கிழங்குக்கென்றே திருவிழா நடக்கும். பெரிய பெரிய வாணலிகளில் ஃப்ரீகோ வெந்துகொண்டிருக்க, வரிசை தெருமுனை வரை நிற்கும். நாங்கள் ஒவ்வொரு வருடமும் போய் ஒரு சாக்குக் கிழங்கு வாங்கி வருவோம். குளிர்காலம் முழுக்க அது நிலவறையில் இருக்கும்.

கேள்வி: நான்-ஸ்டிக் பாத்திரத்தை வீட்டில் தவிர்த்துவிட்டோம். இரும்பு தோசைக்கல்லில் செய்யலாமா? திருப்பும்போது உடையாமல் இருக்க என்ன வழி?
- வாசகி, தூத்துக்குடி

பதில்: தாராளமாகச் செய்யலாம், இரும்பில் செய்தால்தான் அசல் முறுகல். ஆனால் தட்டையான தோசைக்கல்லில் சீஸின் நெய் வழிந்து அடுப்பில் இறங்கிவிடும், தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. இரண்டு அங்குலம் விளிம்பு உள்ள இரும்பு வாணலி வேண்டும், அடி தட்டையாக இருக்க வேண்டும். அதைப் பழக்கியிருக்க வேண்டும். புதுக் கல்லில் தோசை எப்படிப் பிய்யுமோ அப்படித்தான் ஃப்ரீகோவும். ஒரு மாதம் அதில் உருளை ரோஸ்ட் செய்யுங்கள், அடை வார்த்தெடுங்கள், முட்டை போடுங்கள். புளி ஊற்றாதீர்கள், சோப்புப் போட்டுத் தேய்க்காதீர்கள். அப்புறம் ஃப்ரீகோவுக்கு எடுங்கள்.

இரும்பு வாணலி என்றதும் எங்கள் வீட்டுக்கார அம்மாவின் வாணலிதான் கண்முன் வருகிறது. என் கணவருக்கு ஊதினேக்குத் தென்கிழக்கே மன்சானோவில் வேலை. நாற்காலி செய்வதற்கென்றே பேர்பெற்ற ஊர் அது. நாங்கள் நகரத்தில் ஒரு வீட்டின் மாடியில் இருந்தோம். கீழே வீட்டுக்கார அம்மா தனியாக இருந்தார். கல்யாணமாகி ஜெமோனாவில் வாழ்ந்தவர். 1976 மே 6 அன்று இரவு ஒன்பது மணிக்கு வந்த நிலநடுக்கத்தில் அந்த ஊரே சரிந்தது. ஃப்ரியூலி முழுக்க ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான பேர் இறந்துபோனார்கள். அம்மாவின் வீடும் போனது. மூன்றாம் நாள் இடிபாட்டைக் கிளறியபோது அவருடைய மாமியாரின் வாணலி கிடைத்தது. கைப்பிடி வளைந்திருந்தது, மற்றபடி ஒன்றும் ஆகவில்லை. கோடை முழுக்கக் கூடாரத்தில் இருந்தார்கள். செப்டம்பரில் மறுபடி நிலம் ஆடியது. கூடாரத்துக்கு வெளியே மூன்று கல் வைத்து, யாரோ கொண்டுவந்து கொடுத்த சீஸில், அந்த வாணலியில் ஃப்ரீகோ போட்டதாகச் சொல்வார். வளைந்த கைப்பிடியை அவர் நிமிர்த்தவே இல்லை. எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதே வாணலியில்தான். என்னைத் திருப்பச் சொல்லிவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பார்.

சரி, திருப்பும் முறை. வாணலியைவிட அகலமான, விளிம்பில்லாத தட்டு ஒன்று வேண்டும், சமையல் மேடையில் பாத்திரம் மூடுகிற தட்டை மூடி மிகவும் நல்லது. நெய்யை வடிக்காமல் திருப்பவே கூடாது, சூடான நெய் மணிக்கட்டில் வழியும். வடித்தபின் வாணலியைத் தீயிலிருந்து இறக்கி, தட்டை மேலே வைத்து, துணி சுற்றிய உள்ளங்கையால் அழுத்திப் பிடித்து ஒரே மூச்சில் கவிழ்க்க வேண்டும். பாதியில் யோசித்தால் நழுவும். பிறகு தட்டிலிருந்து மெல்லச் சரித்து வாணலிக்குள் விடுங்கள். உடைந்துவிட்டால் கவலை வேண்டாம், இரண்டு துண்டையும் நெருக்கி வைத்து அழுத்துங்கள். சீஸ் இளகியிருக்கும்போது தானே ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: ஃப்ரீகோ எவ்வளவு பழமையானது? உருளைக்கிழங்கு அமெரிக்காவிலிருந்து வந்ததுதானே, அதற்கு முன் என்ன செய்தார்கள்?
- வாசகர், சென்னை

பதில்: கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. முதலில் சீஸ் மட்டும்தான். பதினைந்தாம் நூற்றாண்டில் மார்தீனோ என்ற பெரிய சமையல்காரர் இருந்தார். அக்விலேயா மறைமாவட்டத்தின் தலைவருக்கு ரோமில் சமைத்தவர். அக்விலேயா இன்றைய ஃப்ரியூலியில்தான் இருக்கிறது. அவர் எழுதிவைத்த சமையல் நூலில் சின்னச் சின்ன வாணலிகளில் சீஸ் வாட்டுகிற ஒரு குறிப்பு வருகிறது. கொழுப்பு நிறைந்த சீஸாக இருக்க வேண்டும், ரொம்பப் பழையதும் வேண்டாம், ரொம்ப உப்பும் வேண்டாம் என்கிறார். வெண்ணெயோ பன்றிக் கொழுப்போ தடவி, தணலில் வைத்து, இளகியதும் ஒரு முறை திருப்பி, மேலே சர்க்கரையும் பட்டையும் தூவிச் சுடச்சுடப் பரிமாறச் சொல்கிறார். ஃப்ரீகோவின் மூதாதை இதுதான் என்று ஃப்ரியூலிக்காரர்கள் பெருமையோடு சொல்வார்கள். எனக்கு அதில் பிடித்தது சீஸைப் பற்றிய அந்த அறிவுரை. இளசும் நடுத்தரமும் கலந்து போட்ட எங்கள் வீட்டுக்கார அம்மா அந்த நூலைப் பார்த்ததே இல்லை, ஆனாலும் அதே நடுவழிக்குத்தான் வந்து சேர்ந்திருந்தார்.

சீஸ் மட்டும் போட்டுச் செய்வது இன்றும் உண்டு. துருவிய முதிர்ந்த சீஸை வாணலியில் மெல்லிசாகத் தூவினால் ஐந்து நிமிடத்தில் அப்பளம் மாதிரி மொறுமொறுவென்று ஆகிவிடும். சூடாக இருக்கும்போதே ஒரு கிண்ணத்தின் முதுகில் கவிழ்த்துக் கிண்ண வடிவில் ஆறவைத்து, உள்ளே காய்கறி வைத்துக் கொடுப்பார்கள். பார்க்க அழகு. ஆனால் உருளைக்கிழங்கு போட்டதுதான் வயிற்றை நிறைக்கும், உழைக்கிறவர்களின் சாப்பாடு அதுதான்.

மோந்தாசியோ என்பது ஒரு மலையின் பெயர். 2,750 மீட்டருக்கு மேல் உயர்ந்த பாறைமலை. அதன் அடிவாரத்தில் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் மேய்ச்சல் வெளி ஒன்று விரிகிறது. ஜூன் வாக்கில் மாடுகளை மேலே ஓட்டிப் போவார்கள், செப்டம்பரில் இறக்குவார்கள். அங்கேயே பால் கறந்து அங்கேயே சீஸ் செய்வார்கள். மொஜ்ஜோ என்ற இடத்து மடத்தின் துறவிகள் பதின்மூன்றாம் நூற்றாண்டில் இந்த முறையை வளர்த்ததாகச் சொல்கிறார்கள். ஒரு ஜூலை மாதம் நாங்கள் ஏறிப் போயிருந்தோம். மணி கட்டிய மாடுகள், கல் கட்டடம், உள்ளே பெரிய செம்புக் கொப்பரை. என் பாட்டி வீட்டுத் தொழுவத்தின் வாசனைதான் அங்கேயும் இருந்தது.

கீழே கிராமங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து கூட்டுறவுப் பால் நிலையங்கள் வந்தன. நம் ஊர் பால் சொசைட்டி மாதிரிதான், ஆனால் ஒரு வித்தியாசம். எல்லோரும் தினமும் பால் ஊற்றுவார்கள், அன்றைய பால் முழுவதும் ஒரே குடும்பத்தின் பெயரில் சீஸாகும். அடுத்த நாள் அடுத்த குடும்பம். ஒரு மாடு வைத்திருப்பவருக்கும் தன் முறை வரும்போது முழுச் சக்கரம் சீஸ் கிடைக்கும். நம் ஊரில் ஏலச்சீட்டு போடுகிறவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். அந்தச் சக்கரத்தை நல்ல விலைக்கு விற்றுவிட்டு, ஓரம் செதுக்கிய துண்டுகளையும் வடிவம் கெட்டதையும் வீட்டுக்கு வைத்துக்கொள்வார்கள். வடக்கே கார்னியா மலைப்பகுதியில் அந்தத் துண்டுகளும் தோட்டத்து உருளைக்கிழங்கும்தான் ஃப்ரீகோவாயின. எதையும் வீணாக்காத வீடுகளில் பிறந்த பண்டம் இது.

கேள்வி: இதற்குத் தொட்டுக்கொள்ள என்ன? எங்கள் பக்கம் மக்காச்சோளம் நிறைய. அதில் ஏதாவது செய்து சாப்பிடலாமா?
- வாசகர், பெரம்பலூர்

பதில்: உங்கள் மண்ணுக்குத்தான் இது மிகவும் பொருத்தம். ஃப்ரியூலியில் ஃப்ரீகோவோடு சாப்பிடுவது பொலெந்தா. அது மக்காச்சோள ரவைக் களி, வேறொன்றும் இல்லை. கேழ்வரகுக் களி கிண்டத் தெரிந்த கைக்குப் புதிதாகக் கற்க எதுவும் கிடையாது. ஒரு பங்கு ரவைக்கு நாலு பங்கு தண்ணீர். தண்ணீர் கொதித்ததும் உப்புப் போட்டு, ரவையை மழை மாதிரி தூவிக்கொண்டே கிளற வேண்டும். முக்கால் மணி நேரம் சின்னத் தீயில் கிளறுவார்கள். இருபது நிமிடத்தில் பார்க்க வெந்த மாதிரி இருக்கும், ஆனால் பச்சை வாசனை போகாது. வெந்ததும் மரப்பலகையில் கொட்டி, கொஞ்சம் இறுகியதும் நூலால் வெட்டுவார்கள். மஞ்சள் துண்டு ஒன்று, பக்கத்தில் பொன்னிற ஃப்ரீகோ ஒன்று. கூடவே கொஞ்சம் கசக்கிற கீரை, பச்சையாக. கசப்பு வேண்டும், இல்லையென்றால் நெய் திகட்டும். இங்கே நான் இளம் வெந்தயக்கீரையை எலுமிச்சைச் சாறில் பிரட்டி வைக்கிறேன்.

மாட்டுத் தீவனத்துக்கு அரைத்தது வேண்டாம், சாப்பாட்டுக்கென்று அரைத்த ரவையாகப் பார்த்து வாங்குங்கள். தக்காளி சாஸ் மட்டும் தயவுசெய்து வைக்காதீர்கள். முறுகலை அது நனைத்துவிடும்.

கேள்வி: முட்டை சேர்த்தால் நன்றாகப் பிடிக்காதா? பச்சை மிளகாய், மல்லி?
- வாசகி, ஈரோடு

பதில்: முட்டை சேர்த்தால் அது ஆம்லெட். பிடிப்புக்கு மாவுச்சத்தும் சீஸும் போதும். மிளகாய் உங்கள் விருப்பம். ஃப்ரியூலியிலேயே ஆப்பிள் துருவிப் போடுகிற வீடுகள் உண்டு, காட்டுக் கீரைகள் போடுகிற வீடுகளும் உண்டு. முதல் இரண்டு தடவை மட்டும் எதுவும் சேர்க்காமல் செய்யுங்கள். நல்ல சீஸின் ருசி என்ன என்பது நாக்குக்குத் தெரிந்த பிறகு மாற்றிப் பாருங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இருக்கிறது. சாப்பிடலாமா?
- வாசகி, வேலூர்

பதில்: ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன் தங்கச்சி. நான் சொன்ன அளவில் ஒரு ஆளுக்கு 100 கிராம் சீஸ் வருகிறது. அதில் மட்டும் சுமார் 400 கலோரி, கிட்டத்தட்ட 30 கிராம் கொழுப்பு, கணிசமான உப்பு. நெய்யை வடிப்பதால் கொஞ்சம் குறையும், ஆனால் நிறையக் குறையாது. காலையிலிருந்து மலையில் மரம் வெட்டியவர்களுக்கான சாப்பாடு அது. அப்பாவின் டாக்டரைக் கேட்காமல் ஒரு தட்டு வைக்காதீர்கள். டாக்டர் சரியென்றால் இரண்டு விரல் அகலத் துண்டு, கூட நிறையப் பச்சைக் காய், அந்த வேளைக்குச் சோறு வேண்டாம். முறுகின ஓரமாகப் பார்த்து அவருக்குக் கொடுங்கள். கொஞ்சமாகச் சாப்பிடுகிறவருக்கு நல்ல துண்டு கிடைக்க வேண்டும்.

கேள்வி: மிச்சமானால் மறுநாள் சாப்பிடலாமா? வடித்த நெய்யை என்ன செய்வது?
- வாசகி, நாகர்கோவில்

பதில்: சாப்பிடலாம். கார்னியாவில் மரம் வெட்டப் போகிறவர்கள் ஆறின ஃப்ரீகோவைப் பையில் போட்டு எடுத்துப்போவார்கள். நம் வெயிலுக்கு வெளியே வைக்க வேண்டாம், ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் இருக்கும். சூடாக்க மைக்ரோவேவ் கூடாது, ரப்பராகிவிடும். வெறும் வாணலியில், எண்ணெய் விடாமல், சின்னத் தீயில் பக்கத்துக்கு மூன்று நிமிடம் வையுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் நெய் மறுபடி கசிந்து தோல் மறுபடி முறுகும். எனக்கு முதல் நாளைவிட இந்த இரண்டாம் நாள் துண்டுதான் பிடிக்கும்.

வடித்த நெய்யில் உப்பும் சீஸ் வாசனையும் இருக்கும். மறுநாள் காலை அதில் ஒரு கரண்டி விட்டு உருளைக்கிழங்கோ முட்டைகோஸோ வதக்குங்கள், உப்பைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு. ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள்: சூடான ஃப்ரீகோவை எதைக்கொண்டும் மூடாதீர்கள். ஆவி மூடியில் பட்டுக் கீழே இறங்கினால், இவ்வளவு நேரம் பொறுத்து வாங்கிய முறுகல் ஐந்து நிமிடத்தில் நமத்துப்போகும். விருந்தாளி வரத் தாமதமானால் வாணலியிலேயே, தீயை அணைத்து, திறந்தபடி விட்டுவிடுங்கள்.